கிராஸ்ஃப்ளோவை இறக்கிவிட்டு ஜெடெக்கை ஏற்றலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1989இல் பிரிட்டனில் கட்டிப் பதிவு செய்யப்பட்ட, லோட்டஸ் செவன் பாணியிலான கிட் கார் (உதிரிகளாக வாங்கி வீட்டில் கட்டும் கார்) ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதில் ஃபோர்டின் 1600 கிராஸ்ஃப்ளோ எஞ்சினும், ஃபோர்டு சியரா காரிலிருந்து எடுத்த டைப் 9 ஐந்து கியர் பெட்டியும், பழைய எஸ்கார்ட்டின் பின் அச்சும் உள்ளன. எஞ்சின் புகை கக்குகிறது, எண்ணெயும் குடிக்கிறது. அதைப் பிரித்துச் செப்பனிடுவதா, ஃபோர்டு ஃபோகஸ் காரிலிருந்து 2.0 ஜெடெக் எஞ்சினை எடுத்துப் போடுவதா, நண்பர் தூண்டுவதுபோல சுசுகி ஹயபூசா மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜெடெக் போடலாம், பலர் போட்டிருக்கிறார்கள், நானும் என் காரில் போட்டேன். ஆனால் எஞ்சினை வாங்கி வந்து வைத்துக்கொண்டு பிறகு காரை அளப்பது தலைகீழான வேலை. இந்த வகைக் காரில் எந்த எஞ்சின் பொருந்தும் என்பதைக் குதிரைத்திறன் தீர்மானிப்பதில்லை. பானெட்டுக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரம், தீச்சுவருக்கு (எஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தடுப்பு) முன்னால் உள்ள நீளம், ஸ்டீயரிங் தண்டு போகும் பாதை, கியர்பெட்டியின் உள்தண்டு ஆகியவையே தீர்மானிக்கின்றன. அளவு நாடாவை எடுக்கும் முன் பணப்பையை எடுக்காதீர்கள்.

இந்தக் கார் ஏன் இவ்வளவு இறுக்கமானது என்பதற்கு அதன் பிறப்பே காரணம். 1957இல் லோட்டஸ் நிறுவனர் கொலின் சாப்மன் வெளியிட்ட முதல் செவனில் இருந்தது ஃபோர்டின் 1172 சி.சி. பக்கவால்வு எஞ்சின், அதன் திறன் 40 குதிரைத்திறன்தான். முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, உதிரிகளாக வாங்கி வீட்டில் கட்டினால் கிடையாது என்பதால் அது கிட்டாக விற்றது. கட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்ற விதியிருந்ததால், பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்து அதைக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதையும் உண்டு. 1973இல் கொள்முதல் வரி போய் மதிப்புக்கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை முடிந்தது. அதே ஆண்டில்தான் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. பின்னால் வந்த அத்தனை சாயல் கார்களும் அந்தச் சிறிய எஞ்சினைச் சுற்றி வரைந்த உடலின் அகலத்தையும் உயரத்தையும் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டன. 1990களின் இரட்டைக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) எஞ்சின் ஒன்றை அதற்குள் இறக்கும்போது நாம் மோதுவது அந்தப் பழைய அளவுகளோடுதான்.

மாற்றுவதற்கு முன் கிராஸ்ஃப்ளோவுக்காகவும் இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும். 1959இல் ஃபோர்டு ஆங்கிலியா காரில் வந்த கென்ட் எஞ்சின் குடும்பத்தில், காற்று ஒரு பக்கம் நுழைந்து புகை மறுபக்கம் வெளியேறும் தலை (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதி) 1967இல் சேர்ந்தது. பெயரும் அதனால் வந்தது. 1599 சி.சி. ஜிடி வடிவத்தில் அது தருவது ஏறக்குறைய 84 குதிரைத்திறன். கேட்டர்ஹாம் இதே எஞ்சினை 1700 சி.சி. அளவுக்குத் துளையைப் பெரிதாக்கி, சூப்பர்ஸ்பிரின்ட் என்ற பெயரில் 135 குதிரைத்திறன் வரை கொண்டுசென்றது. ஆகவே திறன் மட்டுமே வேண்டுமென்றால் இருக்கும் எஞ்சினிலேயே அதைப் பெற வழி இருக்கிறது. மவுண்டிங், வயரிங், பதிவுப் புத்தகம் எதையும் பெரிதாகத் தொட வேண்டியதில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. அப்படி முறுக்கேற்றிய கிராஸ்ஃப்ளோ தாழ்ந்த சுழற்சியில் முரண்டு பிடிக்கும், வால்வு இடைவெளியை அடிக்கடி சரிசெய்யக் கேட்கும், நல்ல பிளாக்கும் தலையும் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து நின்றுவிட்டதால், வால்வு இருக்கைகளை இதுவரை மாற்றாத தலை என்றால் அந்தச் செலவும் சேரும். காரின் பழைய குணம் உங்களுக்குப் பிடித்திருந்தால் செப்பனிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருப்பியதும் ஓட வேண்டும், நெரிசலில் அடங்கி நிற்க வேண்டும் என்றால் ஜெடெக் பக்கம் வாருங்கள்.

ஹயபூசா பற்றிய என் கருத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1999இல் வந்த 1299 சி.சி. ஹயபூசா எஞ்சின் அற்புதமானது. கியர்பெட்டியும் அதற்குள்ளேயே இருப்பதால் மொத்த எடையும் மிகக் குறைகிறது. ஆனால் அதில் பின்னோக்கிச் செல்லும் கியர் கிடையாது. தனியாக ஒரு பெட்டியோ மின்மோட்டாரோ சேர்க்க வேண்டும். அந்த கிளட்ச் கால் டன் எடையுள்ள வண்டியை நகர்த்தப் பிறந்தது; அதன் இரு மடங்குக்கு மேல் எடையுள்ள காரை மேட்டில் நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால் சீக்கிரம் தேயும். எல்லாவற்றையும்விட முக்கியமானது எண்ணெய். மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்கிறது. சாயும்போது புவியீர்ப்பும் விலகு விசையும் சேர்ந்து எண்ணெயைச் சம்பின் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) அடியிலேயே பிடித்து வைக்கின்றன. கார் சாய்வதில்லை. எண்ணெய் முழுவதும் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்க, பம்பு காற்றை உறிஞ்சும். சம்பைத் தாழ்வாக வெட்டித் தடுப்புத் தகடுகள் வைப்பதோ, தனித் தொட்டியிலிருந்து எண்ணெய் ஊட்டும் உலர் சம்ப் அமைப்பதோ விருப்பத்துக்கு உட்பட்ட வேலை அல்ல. பந்தயத் தடத்துக்கு என்றால் சரி. உங்கள் உபயோகத்துக்கு அது வேண்டாம்.

இனி ஜெடெக். 2.0 எஞ்சினின் கொள்ளளவு 1988 சி.சி.; துளை 84.8 மி.மீ., வீச்சு 88 மி.மீ. ஃபோகஸில் 130 குதிரைத்திறனும் ஏறக்குறைய 175 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தந்தது. 550 கிலோ எடையுள்ள காரில் டன்னுக்கு 150 குதிரைத்திறனாக இருந்தது 235ஐ எட்டுகிறது என்றால் வேறுபாடு உங்களுக்கே புரியும். சந்தையில் இரண்டு வகை கிடைக்கும். ஏறக்குறைய 1998 வரை வந்தவற்றுக்கு வெள்ளி நிற மூடி; அவற்றின் டாப்பெட்டுகள் (கேமுக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள உருளைகள்) எண்ணெயழுத்தத்தால் தாமே இடைவெளியைச் சரிசெய்துகொள்பவை. ஃபோகஸோடு வந்தவற்றுக்குக் கறுப்பு மூடி. அவற்றில் திண்ம டாப்பெட்டுகள். பின்னாளில் கூர்மையான கேம் போட்டு உயர்ந்த சுழற்சிக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் கறுப்பு மூடியே மேல். எடை குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தலை அலுமினியம் என்றாலும் பிளாக் வார்ப்பிரும்புதான்.

எடை குறைய வேண்டுமென்றால் அதற்கடுத்து வந்த ட்யூராடெக் இருக்கிறது. அது மாஸ்டா வடிவமைத்த முழு அலுமினிய எஞ்சின். இதன் உடன்பிறப்புதான் 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரிலும் நீளவாக்கில் உட்கார்ந்தது. கேம்களைச் சுழற்றப் பட்டைக்குப் பதில் சங்கிலி, 2.0 அளவில் 145 குதிரைத்திறன் என எல்லா வகையிலும் ஜெடெக்கை மிஞ்சியது. ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு, தெரியாமல் கைவைத்தவர்கள் எஞ்சினையே இழந்திருக்கிறார்கள். கிராங்க் தண்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) முனையில் உள்ள புல்லிக்கும் சங்கிலிச் சக்கரத்துக்கும், அவை நழுவாமல் பிடிக்கும் சாவிக்கட்டை கிடையாது. நடு போல்ட்டின் இறுக்கம் மட்டுமே அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. புல்லி கழற்றுவதுதானே என்று அந்த போல்ட்டைத் தளர்த்திய நொடியில் வால்வு நேரம் அவிழ்ந்துவிடும். கிராங்கையும் கேம்களையும் பூட்டும் கருவிகளை மாட்டாமல் அதைத் தொடவே கூடாது. மேலும் ஜெடெக்கில் புகைக்குழாய் எந்தப் பக்கமோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ட்யூராடெக்கில். வலப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள குறுகலான காரில் நான்கு புகைக்குழாய்களும் ஸ்டீயரிங் தண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டால் என்ன ஆகும் என்பதை அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். உங்களிடம் டைப் 9 பெட்டி ஏற்கெனவே இருப்பதால் ஜெடெக்கே எளிய வழி என்பது என் முடிவு.

ஏன் எளிது என்றால், ஜெடெக்கின் பின்முகத்தில் உள்ள போல்ட் துளைகள் அதற்கு முந்தைய ஃபோர்டு எஞ்சினான சிவிஎச்சுடையவை. அவற்றில் பெரும்பாலானவை கென்ட் குடும்பத்தின் அமைப்போடும் ஒத்துப்போகின்றன. சிவிஎச் எஞ்சின் சியராவில் நீளவாக்கில் டைப் 9 பெட்டியோடு வந்திருக்கிறது. ஆகவே அந்த சியராவின் பெல்ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் மணி வடிவ உறை) கிடைத்தால் எஞ்சினும் பெட்டியும் இடைத்தகடு எதுவுமின்றிச் சேர்ந்துவிடும். கிளட்ச்சில் மட்டும் ஒரு விதியை மறக்காதீர்கள்: அழுத்தத் தகடு ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும், உராய்வுத் தட்டு கியர்பெட்டியின் தண்டுக்குப் பொருந்த வேண்டும். டைப் 9இன் உள்தண்டில் இருப்பது 23 பற்கள். ஃபோகஸின் கிளட்ச் தட்டை அப்படியே போட்டால் அது தண்டில் ஏறவே ஏறாது.

அடுத்தது ஸ்பிகாட் பேரிங், இந்த மாற்றத்தில் அதிகம் பேர் தவறவிடும் சிறு பொருள். முன்சக்கர இயக்கக் கார்களில் கியர்பெட்டியின் உள்தண்டு தன் பெட்டிக்குள்ளேயே இரு இடங்களில் தாங்கப்படுகிறது. கிராங்க் அதற்குத் துணை நிற்க வேண்டியதில்லை. டைப் 9இன் நீண்ட உள்தண்டோ தன் மூக்கைக் கிராங்க்கின் பின்முனையில் உள்ள பேரிங்கில் ஊன்றியே நேராக நிற்கிறது. ஃபோகஸிலிருந்து வரும் ஜெடெக்கில் அந்த பேரிங் இருக்காது. கிராங்க் துளைக்கும் உள்தண்டுக்கும் ஏற்ற பேரிங்கை நீங்கள்தான் வாங்கிப் பொருத்த வேண்டும். அதை விட்டுவிட்டாலும் கார் ஓடும், அதுதான் கொடுமை. சில ஆயிரம் கிலோமீட்டர்களில் கிளட்ச் முழுதாக விடுபடாமல் இழுக்கும், பெட்டியின் முன் பேரிங் இரையும், கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி இறக்குவீர்கள். பேரிங் போட்ட பிறகு தண்டின் நுனி கிராங்க்கின் அடியில் முட்டாமல் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்பதையும் களிமண்ணோ கிரீஸோ வைத்துச் சோதியுங்கள். பெல்ஹவுசிங்கை எஞ்சினோடு நேர்கோட்டில் நிறுத்தும் டவல் குழல்களும் கட்டாயம் இருக்க வேண்டும். பழைய எஞ்சின்களில் அவை தொலைந்துபோயிருப்பது வழக்கம், போல்ட்டுகள் அந்த வேலையைச் செய்யாது.

எஞ்சினை எங்கே உட்கார வைப்பது என்பதற்கு வருவோம். ஓடும் எஞ்சினை வைத்துக்கொண்டு மவுண்டிங் செய்வது முதுகுக்கும் பணத்துக்கும் கேடு. காயலான் கடையில் உடைந்த ஜெடெக் ஒன்றை வாங்கி, கிராங்க், பிஸ்டன்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெற்று பிளாக்கையும் தலையையும் சம்பையும் மட்டும் பூட்டி, கியர்பெட்டியோடு சேர்த்துச் சேசிஸுக்குள் தொங்கவிடுங்கள். இருவர் தூக்கி நகர்த்தக்கூடிய எடையில் இருப்பதால் பத்து முறை ஏற்றி இறக்கலாம். பின்னால் தள்ளத் தள்ள எடைப் பங்கீடு நன்றாகும். ஆனால் தீச்சுவர் தடுக்கும். ஜெடெக்கில் தெர்மோஸ்டாட்டின் (நீர் சூடானதும் திறக்கும் வால்வு) உறை தலையின் பின்முனையில், அதாவது உங்கள் காரில் தீச்சுவரை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். குறுக்காக வைத்த ஃபோகஸில் அது கியர்பெட்டிக்கு மேலே சுகமாக இருந்தது. இங்கே அதற்கு இடமே இல்லை. தீச்சுவரைக் குடைவதைவிட அந்த உறையைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் நீரை வெளியேற்றும் தட்டையான மாற்று மூடியைப் போட்டு, தெர்மோஸ்டாட்டை ஹோஸ் பாதையில் வைப்பதே நல்லது. அப்படி வைக்கும்போது, தெர்மோஸ்டாட் மூடியிருக்கையிலும் எஞ்சினுக்குள் நீர் சுற்றிவரும் சிறு பாதையை அடைத்துவிடாதீர்கள். சுடுநீர் தெர்மோஸ்டாட்டைத் தொட்டால்தான் அது திறக்கும். பாதை இல்லையென்றால் தலை கொதிக்கும்போதும் தெர்மோஸ்டாட் குளிர்ந்த நீரில் மூழ்கித் தூங்கிக்கொண்டிருக்கும்.

சம்ப் பற்றிச் சொல்லும்போது என் சொந்தத் தவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெடெக்கின் வார்ப்பு அலுமினிய சம்ப் ஆழமானது. நான் காரை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, சம்புக்கும் தரைக்கும் வரக்கூடிய இடைவெளியைக் கணக்கிட்டு, 90 மி.மீ. இருக்கிறது என்று மகிழ்ந்தேன். இருவர் உட்கார்ந்து தொட்டியில் பெட்ரோல் நிரம்பினால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும், தடையில் ஏறி இறங்கும்போது மேலும் எவ்வளவு அமுங்கும் என்பதைச் சேர்க்கவில்லை. மூன்றாம் வாரத்தில் பள்ளிக்கூட வாசல் வேகத்தடை ஒன்றில் சம்ப் பிளந்தது. வார்ப்பு அலுமினியம் நசுங்காது, உடையும்; எண்ணெய் முழுவதும் சாலையில் கொட்டி, நான் சாவியை அணைப்பதற்குள் பெரிய முனை பேரிங்குகள் (பிஸ்டன் தண்டுகள் கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் இருப்பவை) போய்விட்டன. அதன்பிறகு, இத்தகைய கார்களுக்கென்று உயரம் குறைத்துச் செய்யப்பட்ட சம்பை வாங்கினேன். உயரம் குறைந்தால் கொள்ளும் எண்ணெயும் குறையும். அதனால் அத்தகைய சம்பை இருபக்கமும் அகலப்படுத்தி, எண்ணெய் உறிஞ்சும் குழாயைச் சுற்றி ஒருபுறம் மட்டுமே திறக்கும் சிறு கதவுகள் வைத்திருப்பார்கள். கதவுகள் இல்லாமல் வெறுமனே வெட்டி ஒட்டிய சம்பு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். சம்ப் எதுவானாலும் சேசிஸின் கீழ்க்குழாய்களுக்குக் கீழே அது இறங்காமல் இருப்பதே சரியான அளவு.

மவுண்டிங்குகளுக்கு வரும் விசையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். டைப் 9இன் முதல் கியர் விகிதம் 3.65. 175 நியூட்டன் மீட்டர் அதன் வழியாகப் பெருகி ஏறக்குறைய 640 நியூட்டன் மீட்டராகப் பின்னால் போகிறது. அதே அளவு எதிர்முறுக்கை எஞ்சின் மவுண்டிங்குகள் தாங்க வேண்டும். இரு மவுண்டிங்குகளும் அரை மீட்டர் தள்ளி இருந்தால் ஒன்றை மேலே இழுப்பதும் மற்றதைக் கீழே அழுத்துவதும் தலா 1280 நியூட்டன், அதாவது 130 கிலோ எடைக்குச் சமம். எஞ்சினின் எடையும் சாலைக் குலுக்கலும் அதற்கு மேல். இவ்வகைச் சேசிஸ்கள் பெரும்பாலும் 25 மி.மீ. சதுரக் குழாய்களால் ஆனவை. அதன் சுவர் 1.6 மி.மீ.தான். குழாயின் நடுவில் ஒரு தகட்டைப் பற்றவைத்து அதில் எஞ்சினைத் தொங்கவிட்டால் ஓரிரு ஆண்டில் பற்றவைப்பின் ஓரத்தில் விரிசல் ஓடும். குழாய்கள் சந்திக்கும் முடிச்சுக்கு விசை போகும்படி முக்கோணமாகக் கைகளை அமைத்து, நுனியில் ரப்பர் வையுங்கள். முதலில் புள்ளிப் பற்றுகளால் நிறுத்தி, எல்லாம் பொருந்துவதை உறுதிசெய்த பிறகே முழுதாகப் பற்றவையுங்கள்.

அந்த நிலையிலேயே, கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் தண்டின் கோணங்களையும் பார்த்துவிட வேண்டும். கிராங்க்கின் மையக்கோடும் பின் அச்சின் பினியன் (அந்தத் தண்டு சுழற்றும் சிறு பல்சக்கரம்) மையக்கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். தண்டின் முனைகளில் உள்ள மடங்கும் இணைப்பான யுனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இருமுறை ஏறி இறங்குகிறது. மறுமுனையில் அதே கோணம் இருந்தால்தான் அந்த ஏற்ற இறக்கம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். எஞ்சினின் வால் சற்றுத் தாழ்ந்திருப்பது பாதகமில்லை, பினியனும் அதே அளவு நிமிர்ந்திருந்தால். கோணம் மூன்று பாகைக்குள் இருக்கட்டும்.

குளிர்விப்பில் உங்கள் காருக்கு உரிய ஒரு சிக்கல், ரேடியேட்டர் மூக்கில் தாழ்ந்திருக்க எஞ்சினின் தலை அதைவிட உயரத்தில் இருப்பது. காற்று எப்போதும் உயரத்தைத் தேடும். தலையில் சிக்கிய காற்றுக் குமிழியே பல ஜெடெக் மாற்றங்களில் ‘காரணம் தெரியாத சூடேற்றத்துக்கு’க் காரணம். விரிவுத் தொட்டியை முழு அமைப்பிலும் உயர்ந்த இடத்தில், தீச்சுவரின் மேற்பகுதியில் வைத்து, தலையின் உச்சியிலிருந்தும் ரேடியேட்டரின் உச்சியிலிருந்தும் மெல்லிய குழாய்களை அதற்குக் கொண்டுவாருங்கள். கிராஸ்ஃப்ளோவின் ரேடியேட்டர் நல்ல நிலையில் இருந்தால் சாலை உபயோகத்துக்குப் பெரும்பாலும் போதும். வேகமாகப் போகும்போது காற்று தானே வருகிறது, நெரிசலில்தான் சோதனை. ஆகவே ரேடியேட்டரைப் பெரிதாக்குவதற்கு முன் நல்ல மின்விசிறியும் அதைச் சுற்றி இடைவெளியில்லாத உறையும் போடுங்கள்.

எரிபொருளையும் மின்னணுவையும் சேர்த்தே யோசிக்க வேண்டும், ஏனெனில் ஒன்றில் எடுக்கும் முடிவு மற்றதைக் கட்டுகிறது. ஃபோகஸின் கணினியையும் வயர்களையும் அப்படியே கொண்டுவருவது மலிவாகத் தோன்றும். ஆனால் அதன் திருட்டுத்தடுப்பு சாவியில் உள்ள சில்லைத் தேடும், அது பழகிய உறிஞ்சுகுழாய் உங்கள் பானெட்டுக்குள் நுழையாது. இரண்டு வழிகளே நடைமுறையில் நிலைத்திருக்கின்றன. முதலாவது, உங்கள் பழைய இரட்டை வெபர் கார்புரேட்டர்களை ஜெடெக்குக்கான மானிஃபோல்டில் ஏற்றி, பற்றவைப்பை மட்டும் சிறு கணினி ஒன்றிடம் விடுவது. ஜெடெக்கில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடம் கிடையாது. ஆனால் கிராங்க்கின் நிலையைப் படிக்க 36 பற்களில் ஒன்று விடுபட்ட சக்கரமும் உணரியும் எஞ்சினிலேயே இருக்கின்றன. எந்தச் சந்தைக் கணினியும் அந்த அமைப்பை உடனே புரிந்துகொள்ளும். பெட்ரோல் பம்பு, குழாய்கள் எதையும் மாற்ற வேண்டாம். இரண்டாவது, தனித்தனி த்ராட்டில் உடல்களும் முழு இன்ஜெக்‌ஷனும். இதற்கு எமரால்ட், ஓமெக்ஸ், மெகாஸ்குவர்ட் போன்ற கணினிகளில் ஒன்று வேண்டும், கார்புரேட்டருக்கு 0.2 பார் அழுத்தம் போதும் என்றிருந்த இடத்தில் ஏறக்குறைய 3 பார் தரும் பம்பு வேண்டும். அந்த அழுத்தத்துக்கு உரிய ஹோஸும், தொட்டிக்குத் திரும்பும் குழாயும் வேண்டும். வளைவில் தொட்டியின் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்பு காற்றைக் குடிக்காமல் இருக்க இடையில் ஒரு சிறு சேமிப்புக் குடுவையும் வேண்டும். கார்புரேட்டர் ஒரு நொடி காற்றைப் பொறுத்துக்கொள்ளும், இன்ஜெக்‌ஷன் பொறுக்காது.

என் யோசனை, முதலாண்டு கார்புரேட்டரோடு ஓட்டுங்கள் என்பதே. எஞ்சின், கிளட்ச், குளிர்விப்பு ஆகிய மூன்றும் சரியாக இருப்பது உறுதியான பிறகு இன்ஜெக்‌ஷனுக்குப் போனால், ஏதாவது கோளாறு வரும்போது எங்கே தேடுவது என்று தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு அந்த வசதி இல்லை. எந்த வழியானாலும் எஞ்சினிலிருந்து சேசிஸுக்கும் அங்கிருந்து பேட்டரிக்கும் தடித்த எர்த் கம்பிகளைப் புதிதாகப் போடுங்கள். ரப்பரில் உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்குத் தானாக எர்த் கிடைக்காது. 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் வழக்கமான பெட்ரோல் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த வகை என்பதால் 1989இன் ரப்பர் குழாய்களை இந்த வாய்ப்பிலேயே முழுவதும் மாற்றிவிடுங்கள். முடிவில், ரோலிங் ரோடில் (காரை உருளைகள்மீது ஓட்டித் திறனை அளக்கும் இயந்திரம்) ஒரு நாள் வைத்துப் பற்றவைப்பையும் எரிபொருளையும் அளந்து அமைப்பதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள். எஞ்சின் வாங்கும் பணமே மொத்தச் செலவில் சிறிய பங்காக இருக்கும்.

கியர் விகிதங்கள் கேள்வியில் இல்லை. ஆனாலும் அது உங்களைத் தொந்தரவு செய்யும். டைப் 9இல் முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97. கனமான சியராவைக் கிளப்புவதற்காக அமைந்த அந்த முதல் கியர், இலகுவான காரில் கிராஸ்ஃப்ளோவோடேயே குறுகலாக இருந்திருக்கும். ஜெடெக்கின் முறுக்கு விசையோடு அது சந்திப்பைக் கடப்பதற்குள் தீர்ந்துபோகும். முதல் கியரை மட்டும் நீளமாக்கும் மாற்றுப் பல்சக்கரத் தொகுதிகள் கிடைக்கின்றன. அதற்குச் செலவழிக்க மனமில்லையென்றால் பின் அச்சைப் பாருங்கள். அது 3.89 விகிதத்தில் இருந்தால் 3.54க்கு மாற்றலாம். 1.8 மீட்டர் சுற்றளவுள்ள டயரில், ஐந்தாம் கியரில் 3000 சுழற்சியில் மணிக்கு 100 கி.மீ. போன கார் அப்போது 110 கி.மீ. போகும். நெடுஞ்சாலையில் காதுக்கும் நல்லது. எஸ்கார்ட் அச்சு இந்த எஞ்சினைச் சாலையில் தாங்கும். ஒட்டும் பந்தய டயர்களோடு நின்ற இடத்திலிருந்து பாய்ந்தால் பக்கத்தண்டுகள் முறுக்கிக்கொள்ளலாம். பிரேக்கையும் அதே நேரத்தில் பாருங்கள். முன் டிஸ்க்குகள் எஸ்கார்ட்டின் சாதாரணத் திண்ம வகை என்றால் பேடுகளையாவது மேம்படுத்திய பிறகே முழு வேகத்தைச் சோதியுங்கள்.

காகித வேலை கடினமானதல்ல, ஆனால் தள்ளிப்போடக் கூடாதது. காரை ஏற்கெனவே பதிவு செய்திருப்பதால், புதிதாகக் கட்டிய கார்கள் பதிவுக்கு முன் போகும் ஐவிஏ சோதனைக்கு எஞ்சின் மாற்றம் ஒன்றுக்காக நீங்கள் போக வேண்டியதில்லை. ஆனால் புதிய எஞ்சின் எண்ணையும் கொள்ளளவையும் பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழைத் திருத்த வேண்டும். அதற்குச் சான்று கேட்பார்கள். ஆகவே எஞ்சின் எண் எழுதிய ரசீது இல்லாமல் எஞ்சின் வாங்காதீர்கள். சேசிஸ் குழாய்களை வெட்டிப் போக்கை மாற்றினால் அது வேறு கதையாகிவிடும்; சிறிது இடக்குறைவால் எஞ்சின் நுழையவில்லையே என்று வெட்டும் இயந்திரத்தை எடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மாற்றத்தை மறைத்த காப்பீடு விபத்தன்று வெறும் தாள்.

புகைச் சோதனையில், 1986 ஆகஸ்ட் முதல் 1992 ஜூலை வரையிலான கார்களுக்கு உரிய அளவு 3.5 விழுக்காடு கார்பன் மோனாக்சைடும் பத்து லட்சத்தில் 1200 பங்கு ஹைட்ரோகார்பனும். கார்புரேட்டர் போட்ட நல்ல ஜெடெக் இந்த அளவுக்குள் சிரமமின்றி நின்று தேறிவிடும். வினையூக்கியோடு உள்ள பிற்காலக் கார்களுக்கான கடுமையான அளவில் தேறாது. எந்த அளவு பொருந்தும் என்பது காரின் முதல் பயன்பாட்டுத் தேதியையும் எஞ்சினின் வயதையும் சான்றிதழிலுள்ள குறிப்பையும் ஒட்டியது என்பதால், ஆண்டுதோறும் உங்கள் காரைப் பார்க்கும் எம்ஓடி (பிரிட்டனின் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனை) ஆய்வாளரிடம் சான்றிதழைக் காட்டி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கார்புரேட்டரா இன்ஜெக்‌ஷனா என்பதை அந்தப் பதில்கூட முடிவு செய்யக்கூடும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, காரில் இருவரை உட்கார வைத்துத் தொட்டியை நிரப்பி நான்கு அளவுகளை எடுப்பது: சேசிஸின் கீழ்க்குழாயிலிருந்து பானெட்டின் உட்பக்கம் வரை, பெல்ஹவுசிங்கின் முகத்திலிருந்து தீச்சுவர் வரை, கிராங்க் மையத்திலிருந்து ஸ்டீயரிங் தண்டு வரை, கீழ்க்குழாயிலிருந்து தரை வரை. அவற்றோடு உங்கள் பின் அச்சின் விகிதத்தையும் எழுதி அனுப்பினால், எந்த சம்ப், எந்தத் தெர்மோஸ்டாட் மூடி வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.